தட்டில் எடுத்த வசனமும் எரேமியாவின் கடிதமும்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் பல தமிழ்ச் சபைகளில் ஒரு தட்டு வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகள், எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்கிறார்கள். கைக்கு வந்ததுதான் அந்த வருஷத்து வாக்குத்தத்தம். வீட்டுக்குப் போனதும் அது பீரோ கண்ணாடியில் ஏறும், அல்லது வேதாகமத்துக்குள் போகும். வயதான அம்மாக்களின் வேதாகமத்தை விரித்தால் பல வருஷத்து அட்டைகள் மடியில் உதிரும்.

ஒரு வசனத்தை ஒரு நாளோடு முடிச்சுப் போடும் வழக்கத்துக்குத் தெளிவான வரலாறு ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் கிடைக்கிறது. மத ஒடுக்குமுறைக்குத் தப்பி மொராவியாவிலிருந்து வந்தவர்களுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்தவர் சின்சென்டார்ஃப் பிரபு. 1728 மே 3 மாலைக் கூட்டத்தில், மறுநாள் முழுக்க நினைத்துக்கொள்ள அவர் ஒரு வாசகம் கொடுத்தார். அதன் பிறகு அன்றன்றைய வாசகத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்வது வழக்கமானது. அப்போது ஊரில் 32 வீடுகள்தான். 1731-ஆம் ஆண்டுக்கான வசனங்கள் புத்தகமாக அச்சாயின. அந்தப் புத்தகம் இன்றும் ஆண்டுதோறும் வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். அதற்கு இணையான புதிய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்புத்தகத்தை விடாமல் வாசித்தவர்களில் ஒருவர் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர். 1939 ஜூன் மாதம் பாதுகாப்பாக நியூயார்க்கில் இருந்தபோது, குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படி பவுல் தீமோத்தேயுவைக் கேட்டுக்கொள்ளும் வசனம் அவர் கண்ணில் பட்டது. அது நாள் முழுக்க மனதை விட்டு அகலவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். தனக்கே சொன்னதாக அதை எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகக் கையாள்வதாகாது என்றும் குறித்தார். ஜூலையில் ஜெர்மனிக்குக் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். தட்டில் எடுத்த வசனம் எப்போதும் சுகத்தையே சொல்லும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

தனி வசனத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது: அட்டையில் இடம் கொஞ்சம். எரேமியா 29:11 இதற்கு நல்ல உதாரணம். கடவுளின் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்ற பொருளில் வரும் இவ்வசனத்தைக் கலியாணப் பத்திரிகையிலும் பார்க்கலாம், பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் பையிலும் பார்க்கலாம். அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. கி.மு. 597-இல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அந்தக் கடிதத்தை அனுப்பினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், சிறைபிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்பது அதன் சாரம். பத்தாம் வசனத்தில்தான் கணக்கு வருகிறது: எழுபது வருஷம். கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. அதற்கு அடுத்த வசனமே அட்டையில் இருப்பது.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருப்பதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் போடுகிறான். கேட்க இனிப்பான சேதி அவனுடையதுதான். அவ்வருஷமே அவன் செத்துப்போகிறான்.

இன்னொன்றைத் தமிழ் வாசகர் எளிதில் கண்டுகொள்ளலாம். தமிழ் வேதாகமத்தில் கடவுள் தனி ஆளோடு பேசினால் ‘நீ’, ‘உன்’ என்றே பேசுவார். எரேமியா 29:11-இல் வருவதோ ‘உங்கள்’. அங்கே அது மரியாதைப் பன்மை ஆகாது. ஒரு கூட்டத்தையே குறிக்கிறது. ஏசாயா 41:10 ‘நீ’ என்று அழைத்தாலும் இரண்டு வசனம் முன்னே போனால் அந்த ‘நீ’ இஸ்ரவேல் ஜனம் முழுவதும் என்று தெரிகிறது. ஆகவே அட்டையை எடுத்தவர் அதே அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து ஒருமுறை வாய்விட்டு வாசிப்பது உதவும். யார் பேசுகிறார், யாரிடம், எந்த நெருக்கடியில் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கால்மணி நேர வேலை.

எரேமியாவின் எழுபது வருஷத்தை வாசித்த ஒருவரை வேதாகமமே காட்டுகிறது. தானியேல் ஒன்பதாம் அதிகாரத்தில், பாபிலோனில் முதியவராகிவிட்ட தானியேல் அந்தக் கணக்கை ஏடுகளில் வாசித்து அறிகிறார். உடனே உபவாசமிருந்து, இரட்டு உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து ஜெபிக்கத் தொடங்குகிறார். குற்றங்களை அறிக்கையிடும்போது அவர் சொல்லும் வார்த்தை ‘நாங்கள்’.