பயணி கட்டிய பணத்துக்கு யார் பூட்டுப் போடுவது?

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள்கள், அமெரிக்க மத்திய அரசு முடங்கிக் கிடந்தது. செலவு மசோதாவில் இரு கட்சிகளும் ஒத்துப்போகாததன் சுமை விமான நிலையங்களில் வந்து இறங்கியது. ஏறத்தாழ 13,000 வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் 50,000 பாதுகாப்புச் சோதனை ஊழியர்களும் ‘அத்தியாவசியப் பணியாளர்கள்’ என்ற பெயரில் சம்பளமின்றி வேலைக்கு வர வேண்டியிருந்தது. வராதவர் எண்ணிக்கை கூடவே, நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க அரசே உத்தரவிட்டது. குறைப்பு பெரும்பாலும் உள்நாட்டு விமானங்களில்தான். ஆனாலும் லண்டனின் எட்மண்டனிலிருந்து புறப்பட்டு, ஹீத்ரோவில் விமானம் ஏறி, நியூயார்க்கில் மாறி உறவினர் வீட்டுக்குப் போகும் குடும்பத்துக்கு இரண்டாவது விமானம்தானே ஊர் கொண்டு சேர்ப்பது? இதே முடக்கம் நாளை பிரிட்டனின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்கும் வருமா என்று அந்தக் குடும்பம் கேட்டால், வராது என்று துணிந்து சொல்லலாம். ஏன் வராது என்பதில்தான் பாடம் இருக்கிறது.

அமெரிக்காவின் சிக்கல் பணப் பஞ்சம் அல்ல. அங்கே பயணி முன்கூட்டியே கட்டிவிடுகிறார். உள்நாட்டு டிக்கெட்டில் 7.5 சதவீத வரி, 1970-இல் உருவான விமானப் போக்குவரத்து நிதியத்துக்குப் போகிறது. ஒருவழிப் பயணத்துக்கு 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணமும் உண்டு. முடக்க நாள்களிலும் இந்த வசூல் நின்றதில்லை. ஆனால் காங்கிரஸ் ஒதுக்கீடு செய்யாமல் அதிலிருந்து சம்பளம் கொடுக்க முடியாது. ஒதுக்கீடில்லாச் செலவைத் தடுக்கும் 19-ஆம் நூற்றாண்டுச் சட்டத்துக்கு, 1980-இல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி கொடுத்த கடுமையான விளக்கமே இன்றைய முடக்கங்களின் வேர். பயணியின் பணம் பெட்டியில் இருக்கிறது. சாவி மட்டும் சண்டை போடுபவர்கள் கையில்.

பிரிட்டனில் இரண்டு ஏற்பாடுகள் இதைத் தடுக்கின்றன. முதலாவது அரசியல் மரபு. நிதி மசோதாவில் தோற்கும் அரசாங்கம் பதவி விலக வேண்டும், அல்லது தேர்தலுக்குப் போக வேண்டும். 1909-இல் பிரபுக்கள் சபை பட்ஜெட்டை நிராகரித்தபோது தேர்தல் வந்தது. 1911-இல் அந்தச் சபையின் நிதி அதிகாரமே பறிபோனது. இரண்டாவது, பணம் போகும் வழி. வான்வழியை நிர்வகிக்கும் நாட்ஸ் நிறுவனம் 2001-இல் அரசு-தனியார் கூட்டாக மாறியது. அரசின் பங்கு 49 சதவீதம் என்றாலும், வருமானம் விமான நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்து வருகிறது. பாதுகாப்புச் சோதனையை விமான நிலைய நிர்வாகங்களே நடத்துகின்றன. கருவூலத்தின் சம்பளத்தில் பயணி சந்திப்பது முக்கியமாகக் கடவுச்சீட்டு பார்க்கும் எல்லைப் படையினரை மட்டுமே.

“அப்படியானால் இங்கே விமானம் நின்றதே இல்லையா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்ட் 28-இல் நாட்ஸின் கணினி ஒரு பயணத் திட்டத்தைப் புரிந்துகொள்ளத் தவறியதால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். கட்டணத்தை நம்பி வாழும் அமைப்புக்கு வேறு பலவீனமும் உண்டு: 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பயணிகள் குறைந்ததும் நாட்ஸ் தள்ளாடியது, 2003-இல் அரசும் ஹீத்ரோவை அப்போது நடத்திய நிறுவனமும் ஆளுக்கு 6.5 கோடி பவுண்ட் போட்டுத் தாங்கின. 2022 கிறிஸ்துமஸ் காலத்தில் எல்லைப் படையினர் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, ராணுவத்தினர் கடவுச்சீட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். ஆனால் கோளாறைச் சரிசெய்யலாம், நிறுவனத்துக்கு முதல் போடலாம், தொழிற்சங்கத்தோடு பேசலாம். பழுதே இல்லாத அமைப்பை, வேலைக்கு வந்திருக்கும் ஊழியரின் கூலியை மறித்து நிறுத்துவது வேறு வகைக் கேடு.

நிதியைத் தடுக்கும் உரிமை இல்லாவிட்டால் நாடாளுமன்றத்துக்குப் பல் ஏது என்பது இன்னொரு வாதம். அந்த உரிமை அவசியம்; ஆனால் அதன் விலையை யார் கொடுப்பது? லண்டனில் பதவியில் இருப்பவர் கொடுக்கிறார். வாஷிங்டனில் கட்டுப்பாட்டாளர் கொடுக்கிறார். 2019-இல் வந்த சட்டம் முடக்கம் முடிந்த பிறகு முழுச் சம்பளத்தையும் உறுதிசெய்கிறது. வீட்டு வாடகை அதுவரை காத்திருக்காது. அந்த ஆண்டு ஜனவரி 25-இல், அப்போது நடந்த இன்னொரு முடக்கத்தின் 35-ஆம் நாள், சுமார் பத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வராததால் நியூயார்க்கின் லாகார்டியாவுக்கு வரும் விமானங்கள் சிறிது நேரம் நிறுத்தப்பட்டன. அன்றே முடக்கத்துக்கு முடிவு அறிவிக்கப்பட்டது. பயணி தவித்தால்தான் சமரசம் பிறக்கும் என்றால், பயணி அங்கே பணயப் பொருள். அங்கே அவருக்குக் காப்பும் குறைவு: பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானம் ரத்தானால் உணவும் தங்குமிடமும் மாற்று விமானமும் தர இங்குள்ள சட்டம் விமான நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துகிறது; அமெரிக்க நிறுவனத்தில் அங்கிருந்து திரும்பும்போது அந்தக் காப்பு இல்லை. ஆகவே அமெரிக்கா செய்ய வேண்டியது பெரிய புரட்சி எதுவுமில்லை. பயணி கட்டும் வரியிலிருந்து கட்டுப்பாட்டாளரின் சம்பளம் தானாகப் போக ஒரு சட்டம் போதும். அதன்பின் கட்சிகள் எத்தனை நாள் வேண்டுமானாலும் சண்டை போடட்டும்.