வயர் வாங்கும் முன் வரைந்து பாருங்கள்

வீடு கட்டும் முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுகிறோம். எந்த அறை எங்கே வரும் என்று அதில் நடந்தே பார்த்துவிடலாம். அலுவலகக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைப்பதற்கும் இப்படி முதலில் கோடு போடலாம். அதைக் கம்ப்யூட்டரிலேயே போடலாம்.

நம் நாட்டில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்க மத்திய அரசு 2022-ல் ஒப்புதல் தந்தது. அப்படி ஒரு சங்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செயலாளருக்கு ஒரு கம்ப்யூட்டர். கணக்கருக்கு ஒன்று. உரக் கிடங்கில் ஒன்று. பிரிண்டர் ஒன்றுதான். கிடங்கில் ஒரு மூட்டை உரம் விற்றால், அது கணக்கரின் கம்ப்யூட்டரில் உடனே ஏற வேண்டும்.

இதற்கு சுவிட்ச் என்று ஒரு பெட்டி வேண்டும். விளக்கு போடும் சுவிட்ச் இல்லை இது. எல்லா வயர்களும் வந்து கூடும் சந்திப்பு. இணையத்துக்குப் போக ரவுட்டர் என்று இன்னொரு பெட்டி. இவற்றைப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கிய பிறகு சரிவராவிட்டால்?

பாக்கெட் டிரேசர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. சிஸ்கோ என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது. அதன் பயிற்சித் தளத்தில் பெயர் பதிந்தால் இலவசமாகக் கிடைக்கும். அதில் கம்ப்யூட்டர், சுவிட்ச், ரவுட்டர், பிரிண்டர் எல்லாம் படங்களாக இருக்கும். இழுத்து வைத்து, வயர் போட வேண்டியதுதான். வயர் முனையில் முதலில் ஆரஞ்சு நிறம் தெரியும். பயப்பட வேண்டாம். அரை நிமிடத்தில் பச்சையாகும். சிவப்பாகவே நின்றால் எங்கோ தவறு.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் முகவரி எண் தர வேண்டும். செயலாளருக்கு 192.168.1.11, கணக்கருக்கு 192.168.1.12, கிடங்குக்கு 192.168.1.13. நம் சங்கத்தில் முதல் மூன்று எண்களும் தெருப் பெயர் போல. கடைசி எண் கதவிலக்கம். ஒரே கதவிலக்கத்தை இருவருக்குக் கொடுத்தால் கடிதம் குழம்பும் அல்லவா? இங்கும் அப்படித்தான்.

இப்போது கிடங்குக் கம்ப்யூட்டரின் படத்தில் கட்டளைத் திரையைத் திறங்கள். 'பிங்' என்று ஆங்கிலத்தில் அடித்து, கணக்கரின் எண்ணை அடியுங்கள். "இருக்கிறீர்களா?" என்று கேட்பது போல இது. பதில் வந்தால் வழி சரி. கிடங்குக்கு 192.168.10.13 என்று தவறாக அடித்திருந்தால் பதில் வராது. தெருவே மாறிவிட்டது! இந்தக் கேள்வி ஓர் உறை போல வயரில் நகர்வதையும் திரையில் காணலாம். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் தவறு பிடிபடும்.

இன்னொரு சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியம். சங்கத்துக்கு வருகிறவர்கள் தங்கள் கைப்பேசிக்கு இணையம் கேட்பார்கள். கொடுக்கலாம். ஆனால் அந்தக் கைப்பேசி, கடன் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரை எட்டக் கூடாது. அதனால் அவர்களுக்கு 192.168.2 என்று வேறு தெரு கொடுங்கள். தெருவைப் பிரித்தால் மட்டும் போதாது. இரண்டு தெருவுக்கும் நடுவே ரவுட்டர் வழிவிட்டுவிடும். "இங்கிருந்து அங்கே விடாதே" என்று அதில் தடை எழுத வேண்டும். பிறகு கைப்பேசிப் படத்திலிருந்து கணக்கரின் எண்ணுக்குப் பிங் செய்யுங்கள். இங்கே பதில் வராமல் இருப்பதுதான் வெற்றி. இதைப் பார்க்காமல் பல இடங்களில் இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள்.

படத்துக்குத் தெரியாதவையும் உண்டு. எலி வயரைக் கடிக்கும். மின்சாரம் போகும். இடி இடிக்கும். நாம் வரையும் படத்தில் தூரக் கணக்கும் இல்லை. உண்மையான செம்பு வயர் ஒரு நீட்டத்துக்கு 100 மீட்டர் வரைதான். கிடங்கு 150 மீட்டர் தள்ளி இருந்தால் நடுவில் இன்னொரு சுவிட்ச் வேண்டும். அதற்கு மின்சாரமும் வேண்டும். ஆகவே கடைக்குப் போகும் முன் நாடா பிடித்து அளந்துவிடுங்கள்.

எல்லாம் சரிவந்த படத்தைச் சேமித்து வையுங்கள். எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன எண் என்று எழுதி சுவிட்ச் பக்கத்தில் ஒட்டுங்கள். செயலாளர் மாறினாலும் அடுத்து வருகிறவருக்கு உதவும். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள்.