வேரில் தங்கும் மணம்

மேலைநாட்டுத் தோட்டங்களிலும் வீடுகளிலும் சேஜ் என்னும் மூலிகைக்கு உள்ள இடம், தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக வெட்டிவேருக்கு இருந்துவருகிறது. சேஜின் மணம் இலையில் இருப்பதால் செடியை அழிக்காமலே அதைக் கிள்ளி எடுக்கலாம். வெட்டிவேரின் மணமோ வேரில் இருப்பதால், அதைப் பெறச் செடியையே பெயர்த்தாக வேண்டும். சமவெளியில் இது பொருட்டன்று. இலங்கையின் பதுளை மாவட்டத்துச் செங்குத்தான தேயிலை மலைகளிலோ, அங்கு வாழ்வோரின் பாதுகாப்பையும் இது தொடுகிறது.

புல்லினத்தைச் சேர்ந்த வெட்டிவேர் பக்கவாட்டில் படராமல் நேர்கீழாக இறங்கி, ஏற்ற மண்ணில் மூன்று மீற்றர் ஆழத்தையும் எட்டும். வேரிலுள்ள எண்ணெயில் குசிமோல், வெட்டிவோன் முதலிய, மெல்லவே ஆவியாகும் சேர்மங்கள் மிகுந்திருப்பதால், உலர்ந்த வேர் துணிப்பெட்டியில் நெடுநாள் மணக்கிறது. வேரால் பின்னிய தட்டியில் நீர் தெளிக்கும்போது, அதனூடே வரும் காற்று குளிர்ந்து மணத்தையும் சுமந்துவருகிறது.

அதே வேர் மண்ணையும் பிணைக்கிறது. அதன் இழுவிசை வலிமை, அதாவது அறுந்துபோகாமல் தாங்கும் இழுப்பு, சராசரியாக 75 மெகாபாஸ்கல், மென்னெஃகின் வலிமையில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு, என 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. சரிவில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோட்டில் வெட்டிவேரை நெருக்கமாக வேலிபோல் நட்டால், அதன் தண்டுகள் மழைநீரின் வேகத்தைத் தணித்து வண்டலைத் தடுத்து நிறுத்துகின்றன. தேயிலையை மீள்நடுகை செய்யுமுன் மானாப் புல் வளர்த்து மண்ணைத் தேற்றும் வழக்கமுள்ள தோட்டங்களுக்கு, புல்லால் நிலம் காக்கும் முறை புதியதன்று.

எனினும் இதற்கு எல்லை உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தயில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களைப் புதைத்த மண்சரிவு போன்றதை எந்தப் புல்வேரும் தடுக்க இயலாது. அத்தகைய இடங்களுக்கு முறையான வடிகாலும், அபாய வலயத்திலிருந்து குடியிருப்புகளை அகற்றுவதுமே தீர்வாகும். வெட்டிவேர் காப்பது மேல்மண்ணையும் சிறு வெட்டுச்சரிவுகளையுமே.

அந்தப் பயனும் வேர் மண்ணுள் இருக்கும் வரையில்தான். வெட்டிவேர் எண்ணெய்க்குப் பேர்போன ஹெயிட்டியில், மலைச்சரிவுகளில் வேரை அகழ்ந்தெடுப்பது மண்ணரிப்பைப் பெருக்கியுள்ளது. ஆகவே மலைவாழ் குடும்பங்கள் சரிவிலுள்ள வெட்டிவேர் வேலியை அகழாமல், அதன் தூர்களில் சிலவற்றை மட்டும் பிரித்து, மணலும் எருவும் கலந்த சாக்குகளில் முற்றத்தில் வளர்ப்பதே தக்கது. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டில் சாக்கைக் கிழித்து, வீட்டுக்கு வேண்டிய வேரை அறுபடாமல் எடுத்துக்கொள்ளலாம்.