படகேறாத தீவுப் பயணம்

விடுமுறை தொடங்கியதுமே கடலுக்குக் கூட்டிச் செல்லும்படி பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மகனுக்கு நெடுந்தீவுதான் வேண்டும். கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்க மரம், கல்வேலிகள் எல்லாம் பார்க்கலாமாம். ஆனால் குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் படகில் செல்லவேண்டும்.

மாமி ஒன்றும் பேசவில்லை. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களுள் அவருடைய தங்கையும் ஒருவர். அதற்குப் பிறகு மாமி படகேறியதில்லை. அவரைத் தனியே விட்டுச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. இவர் இல்லாத இத்தனை வருடமும் என்னோடு நின்று பிள்ளைகளை வளர்த்தவர் அவர்.

காரைநகரும் தீவுதானே! பொன்னாலைப் பாலத்தால் பஸ்ஸிலேயே போய்விடலாம். புட்டும் மீன்பொரியலும் கட்டிக்கொண்டு கசூரினாக் கடற்கரைக்குப் புறப்பட்டோம். அங்கே கடல் ஆழம் குறைந்தது, அலையும் பெரிதாக இல்லை. (அதற்காகப் பிள்ளைகளைத் தனியே இறங்க விடாதீர்கள். மாரிக்காலத்துக் கடல் வேறு.)

சவுக்கு மர நிழலை விட்டு மாமி அசையவில்லை. பின்னேரம் பேத்தி வந்து இழுக்க, சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு கணுக்கால் நனையும்வரை போனார்.

மகன் இன்னும் நெடுந்தீவை மறக்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு அவனை நான் மட்டும் கூட்டிச் செல்வதாக இருக்கிறேன். மாமியிடம் இன்னும் சொல்லவில்லை.