உச்சிகளை அமுக்காத ஆம்ப்ளிஃபயர்

கைபேசியில் நாம் பேசும் பேச்சும் அனுப்பும் படமும் ஆன்டெனாவை எட்டுமுன் ஒரு பவர் ஆம்ப்ளிஃபயரைக் கடந்துதான் போகின்றன. வலுவில்லாத சிக்னலை டவர் வரைக்கும் போய்ச்சேரும் அளவுக்குப் பெருக்குவது அதன் வேலை. 4ஜி கைபேசி வெளிவிடும் உச்ச ஆற்றல் வழக்கமாக 200 மில்லிவாட்தான். அந்தக் கொஞ்சத்தையும் சிதைக்காமல் தருவதுதான் பெரும்பாடு.

உள்ளே வரும் சிக்னல் இரு மடங்கானால் வெளியே போவதும் இரு மடங்காக வேண்டும். இந்த நேர்விகிதம் சிறிய சிக்னலுக்குச் சரியாக இருக்கும். சிக்னல் ஏற ஏற, பேட்டரி தரும் மின்னழுத்தம் குறுக்கே வந்து நிற்கும். டிரான்சிஸ்டர் அதற்குமேல் போக வழியில்லை. அலையின் உச்சிகள் அமுங்கிவிடும்.

அமுங்கினால் நம் தகவல் கெடுவதோடு போகாது, பக்கத்து சேனலில் பேசுபவருக்கும் தொந்தரவு. 1800, 1801 மெகாஹெர்ட்ஸில் இரண்டு சிக்னல்களை ஒன்றாகக் கொடுத்தால், யாரும் கொடுக்காத 1799-உம் 1802-உம் கூடவே வெளியே வரும். இவ்வளவு ஒட்டி நிற்பவற்றை ஃபில்டர் போட்டு நீக்க முடியாது. சிக்னலின் ஆற்றலை இரட்டித்தால் இந்தக் கள்ள அலைகள் எட்டு மடங்காகும். பக்கத்து சேனலில் இப்படிக் கசிவது சிக்னலில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது 4ஜி கைபேசிகளுக்கான விதி.

2ஜி காலத்தில் இந்தத் தலைவலி குறைவு. ஜிஎஸ்எம் குரல் அழைப்பின் அலை ஒரே உயரத்தில் ஓடும். ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லை வரைக்கும் விரட்டலாம். 4ஜியும் 5ஜியும் நூற்றுக்கணக்கான துணை அலைகளைச் சேர்த்து அனுப்புகின்றன. அவை ஒரே கணத்தில் கைகோத்தால் உச்சி, சராசரியைப் போல் பத்து மடங்கு வரை எழும். அதனால்தான் 4ஜியில் கைபேசி அனுப்பும் பக்கத்துக்கு மட்டும் உச்சி தணிந்த வேறொரு முறையைத் தேர்ந்தார்கள்.

ஆம்ப்ளிஃபயரை எல்லைக்கு வெகு கீழே ஓட்டினால் திரிபு போய்விடும். ஆனால் 'கிளாஸ் பி' என்ற வகை ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டால், ஏட்டுக் கணக்கில் உச்சத்தில் 78.5 சதவீதமாக இருக்கும் அதன் செயல்திறன், கால்பங்கு ஆற்றலில் பாதியாகிவிடுகிறது. மீதி மின்சாரம் வெப்பமாகிப் போகிறது. நேர்விகிதத்துக்கான விலையை பேட்டரிதான் கொடுக்கிறது.

இந்தப் போராட்டம் பழையது. பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக், 1927 ஆகஸ்டில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது, கையிலிருந்த செய்தித்தாளிலேயே எதிர்ப் பின்னூட்டத்தைக் குறித்துவைத்தார்: வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளீட்டில் கழித்தால் திரிபு குறையும். தொலைபேசிக் கம்பிகளுக்கு அது பெரும் கொடை. இன்றைய ரேடியோ அலைவரிசைகளிலோ, திரும்பி வருவதற்குள் சிக்னல் மாறிப்போய்விடுகிறது.

ஆகவே இப்போது பிழையை முன்கூட்டியே கணக்கில் எடுக்கிறார்கள். துவைத்தால் சுருங்கும் துணியை நீளம் கூட்டி வெட்டும் தையல்காரரைப் போல, எந்த உச்சி எவ்வளவு அமுங்கும் என்று அளந்து, அந்த அளவு அதை உயர்த்தியே ஆம்ப்ளிஃபயருக்குள் அனுப்புவது. டிஜிட்டல் ப்ரீடிஸ்டார்ஷன் என்ற இந்த உத்தியை, இந்தத் துறையின் மிக அழகான யோசனை என்பேன். டவரில் வெளியீட்டின் ஒரு துளியை எடுத்து, கொடுத்ததோடு ஒப்பிட்டு, ஓயாமல் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். டிரான்சிஸ்டரின் சூடு மாறினால் அதன் நடத்தையும் மாறும் என்பதால், சற்றுமுன் போன சிக்னலையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

கைபேசியில் இவ்வளவு தாராளம் முடியாது. பல வாட் அனுப்பும் டவருக்குக் கணக்குப் போடும் மின்செலவு பொருட்டில்லை. 200 மில்லிவாட் அனுப்பும் கருவிக்கு அது கட்டுப்படியாக வேண்டும். அதனால் தொழிற்சாலையிலேயே அளந்து எழுதிய திருத்த அட்டவணையைப் பயன்படுத்துவார்கள். அலையின் உயரத்துக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் மின்னழுத்தத்தையே ஏற்றி இறக்கும் 'என்வலப் டிராக்கிங்' முறையும் உண்டு. சிறிய அலைக்குக் குறைந்த மின்னழுத்தம் போதும், வெப்பமாக வீணாவது குறையும்.

அந்த அட்டவணையையும் முழுதாக நம்ப முடியாது. நம் விரல்கள் ஆன்டெனாவை மூடினால் சிக்னலில் ஒரு பகுதி ஆம்ப்ளிஃபயருக்கே திரும்பி வந்து, அதன் நடத்தையை மாற்றிவிடும். எனவே ஆன்டெனா இருக்கும் இடத்தில் விதவிதமான சுமைகளை மாட்டி, ஒவ்வொன்றிலும் பக்கத்து சேனல் கசிவு வரம்புக்குள் நிற்கிறதா என்று வடிவமைப்பாளர்கள் அளந்து பார்க்கிறார்கள்.