மழை இருட்டும் ஒரு கீற்று வெயிலும்

கார்த்திகை மாதத்துப் பின்னேரம் ஒன்றில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் தர்மபுரத்தைக் கடக்கிறவர்களின் கை தானாகவே போனைத் தேடும். கிழக்கே, விசுவமடுப் பக்கம், வானம் கறுத்துக்கொண்டு வரும். பார்வையை மறிக்க மலை இல்லை, மாடிக்கட்டடமும் அரிது. வயல், வரம்பு, தூரத்தில் பனை. மிச்சமெல்லாம் வானம். மேற்கே முகில் கொஞ்சம் விலகிச் சாய்ந்த வெயில் உள்ளே நுழைந்துவிட்டால், அந்தக் கறுப்புக்கு முன்னால் கால போகத்து நெற்பயிர் விளக்கு ஏற்றியதுபோலப் பளிச்சிடும்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால் ஏமாற்றம்தான். கருமுகில் வெளிறிக் கிடக்கும், அல்லது வயல் கரியாகியிருக்கும்.

கமராவின் ஒளிமானிக்குக் காட்சி எதுவும் தெரியாது. எதிரே இருப்பதைச் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கவே அது முயலும். கருமுகில் சட்டத்தை நிறைத்தால் “வெளிச்சம் போதாது” என்று கணக்கிட்டு ஒளியைக் கூட்டிவிடும். வெயில் பட்ட முகில் விளிம்பு வெறும் வெள்ளையாகிப் போகும். இருட்டில் மறைந்ததைப் பிறகு ஓரளவு மீட்கலாம். வெள்ளையாகிப் போனதை மீட்க முடியாது. ஆகவே காப்பாற்ற வேண்டியது வெளிச்சமான பகுதியைத்தான். போன் என்றால் அந்த விளிம்பைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுக்க வேண்டும். கமரா என்றால் ஒளியளவைக் குறைத்து, ‘ரோ’ கோப்பாகச் சேமிப்பது நல்லது.

தொல்லை புதிதல்ல. 1850களின் படத்தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி உறிஞ்சியதால், நிலம் சரியாக விழுந்தால் வானம் வெறுமையாகிவிடும். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே தம் கடற்படங்கள் சிலவற்றில் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை அடிவானத்தில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். இன்றைய போனின் ‘எச்டிஆர்’ பல படங்களைக் கணத்தில் கலந்து செய்வதும் ஏறக்குறைய இதையே. ஆனால் அதை அளவுக்கு மீறி நம்பினால் மூலை முடுக்கெல்லாம் வெளித்து, புயலே படத்தைவிட்டுப் போய்விடும். மழை இருட்டில் இருட்டு இருக்கத்தான் வேண்டும்.

வானவில்லுக்கும் பின்னேரமே நேரம். சூரியன் 42 பாகைக்கு மேல் நின்றால் சமதரையில் நிற்பவருக்கு வில் தெரியாது. அது தாழத் தாழ வில் உயரும்.

இந்த வானம் அழகு மட்டும் கொண்டுவருவதில்லை. 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கொட்டிய மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படிப்பட்ட நாட்களில் முகிலைவிட வீதியில் ஏறிய தண்ணீரின் படமே ஊருக்கு உதவும்.

மின்னல் வெட்டும்போது வெளியான வயலில் முக்காலியோடு நிற்கிறவரே அங்கு உயரமான பொருள். தனிப்பனையின் அடியும் ஆபத்து. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. உடனே வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். அதற்குள் கமராக் கண்ணாடியில் விழுந்த துளிகளைத் துடைத்து வைக்கலாம். மேற்கு வெளிப்பது பெரும்பாலும் மழை விட்ட பிறகுதான்.