முதிய மாமரம் ஏன் காய்ப்பதில்லை?

கொல்லையிலுள்ள 40 வயது மாமரம் காய்க்காவிட்டால் வயதைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குறை வெளிச்சத்தில்தான். மாமரம் முற்றிய கிளைநுனியில் பூக்கும். கிளைகள் பின்னிக்கொண்ட மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள்: உள்ளே வெறும் குச்சிகள், இலையும் காயும் வெயில் படும் விளிம்பில் மட்டும். நிழலில் கிடக்கும் இலையால் பூவுக்கு வேண்டிய மாவுச்சத்தைச் சேர்க்க முடியாது. உரம் போட்டால் போதாதா? தழைச்சத்து மிஞ்சினால் தழைதான் பெருகும், நிழலும் கூடும்.

வெளிச்சம் நுழையக் கிளைகளை வெட்டவேண்டும். வெட்டினால் மரம் பட்டுப்போகாதா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகளும் மரத்தின் சேமிப்பும் புதுத் தளிரை எழுப்பும். அறுவடை முடிந்ததும் நடுக்கிளைகளில் ஓரிரண்டை அறுத்து, வெட்டுவாயில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை பூசுங்கள்; மீதியை அடுத்தடுத்த ஆண்டுகளில் கழியுங்கள். கொத்தாக முளைப்பதில் வலுவான சிலவற்றை மட்டும் விடுங்கள். இரண்டு மூன்று ஆண்டு பொறுத்தால், வெயில் நுழைந்த கிளைகளில் மறுபடி பூ வரும்.